தேரடி வீதியில் ஒரு சமுத்திரம்

"அந்தமான் போய்ட்டு வந்தவர் இப்படியா வெளுத்துப்போய் இருப்பீங்க?" என்று மானேஜர் பலராமன் கேட்டபோதே குணபாலன் மயங்கி விழுந்திருக்கலாம். பிரச்சினை அதோடு தீர்ந்திருக்கும். மனுஷன் பதில் சொன்னார்.

"குடை பிடிச்சிட்டே சுத்துனேன் சார்."

"கடலுக்குள்ளயும் குடையா? கண்ணாடி மாட்டி, வாயில குழாய் வெச்சிக்கினு முங்கிப் பார்த்தீங்களா இல்லியா?"

"பார்க்காம வருவேனா சார்! மீனையெல்லாம் போட்டோவே எடுத்தேன்."

யாரய்யா கேட்டது போட்டோவை? சிலருக்கு வாய்தான் சத்துரு.

"அப்போ நாளைக்குக் கொண்டாங்க. ஊருக்குப் போகாமலே பயணப்படி வாங்குறவங்களை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி ஹெட் ஆபீஸ் உத்தரவு. நான் போன வருஷம் லட்சத்தீவுல மீனோட மீனா நீந்தினவன். என்கிட்ட கதை விட முடியாது."

அந்தமான் போக ஆபீஸில் வாங்கிய பணம் வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் கான்கிரீட் கூரையாகிக் கெட்டியாக நின்றுகொண்டிருந்தது. லீவு முழுக்க குணபாலன் மாமியார் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடினார்.

"வேலை போச்சுன்னா கூரையையா பேத்துத் தின்றது?" என்று மனைவி சந்தனா அழ ஆரம்பித்தாள்.

குணபாலன் தேரடி வீதிக்கு ஓடினார். அங்கேதான் கண்ணாயிரத்தின் ஸ்டூடியோ. கிரிவலம் வந்தவர்களைத் துணியில் வரைந்த கோபுரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பவர். யாரை எடுத்தாலும் கண் மூடியபடிதான் விழும். பக்தி ஜாஸ்தி என்று சொல்லிக் காசு வாங்கிவிடுவார்.

விஷயத்தைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"கறுப்பு வெள்ளையில எல்லாத் தண்ணியும் கடல்தான் சார்" என்று உள்ளேயிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வந்தார். அதில் வால் ஓரம் கிழிந்த ஒரு தங்கமீன்.

குணபாலன் மீன் வாசனைக்கே தெரு மாறிப் போகும் சமண வீட்டுப் பிள்ளை. "லைட்டு சூட்டுல அதுக்குக் கஷ்டமா இருக்காதா? பாவம் வந்து சேருமேங்க!"

"அது பழகின மீனு சார். நீங்க பயப்படாம இருங்க."

ஆபீஸ் பணத்தைக் கூரையில் ஏற்ற அஞ்சாத மனசு, மீனுக்காக அப்படித் துடித்தது.

மறுநாள் பலராமன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீனு இருக்குது. நீங்க எங்க?"

"நான்தானே சார் எடுத்தேன்."

"கதை விடாதீங்க. உங்க மூஞ்சி இருக்கற படம் வேணும்."

சாயந்தரம் மறுபடி ஸ்டூடியோ. வெல்டிங் கடைக் கண்ணாடி, வளைத்த ஒயரிங் குழாய், சட்டையில்லாத உடம்பு. தொட்டிக்குப் பின்னால் குந்தி, கன்னத்தை உப்பவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டார் குணபாலன். கிழிந்த வால் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்று கொடுத்தது. படம் அற்புதமாக வந்தது. பின்னால் தொங்கிய துணியைக் கழற்ற மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"கடலுக்கு அடியில கோபுரம் எப்படிய்யா வந்துது?" என்றார் மறுநாள் பலராமன்.

"மூழ்கிப்போன கோயில் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே குணபாலனுக்கு உறைத்தது.

பலராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். "அடேயப்பா! தொல்பொருள் இலாகாவுக்கே தெரியாத சங்கதியாச்சே! ஞாயித்துக்கிழமை ஹெட் ஆபீஸ் அதிகாரி நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றார். நீங்களும் வாங்க. இதை அவர் முன்னால சொல்லுங்க."

ஞாயிறன்று பலராமன் வீட்டுக் கூடத்தில் அதிகாரி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு தூரத்தில் பிடித்தார். குணபாலனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேங்கிக்கால் கூரை தன் தலையில் மட்டும் இடிந்து விழுவதுபோல் இருந்தது.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடுங்க குணபாலன்" என்றார் பலராமன், தேன் சொட்டும் குரலில். "இந்த ஆபீஸ்ல பொய்க்கு இடம் கிடையாது. என்னைப் பாருங்க, மடியில கனமில்லாம உக்காந்திருக்கேன்."

போதும், இனிமேல் தாங்காது. குணபாலன் கைகூப்பினார். "சார், நான் அந்தமானுக்கே..."

அதற்குள் பலராமனின் மனைவி ஜோதியம்மாள் பாயசத் தம்ளர்களோடு வந்துவிட்டாள். அதிகாரியின் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"அட, நம்ம கிழிஞ்ச வாலு! ஏங்க, போன வருஷம் உங்க லட்சத்தீவு படத்துல நீந்துன மீனுதானே இது? கண்ணாயிரம் இன்னுமா இதை உயிரோட வெச்சிக்கினு இருக்கான்!"