பதினொரு ஜேர்சியும் பன்னிரண்டாவது ஆளும்

குறிஞ்சிப்பிட்டி
12.09.2016

அன்பின் பெரிய நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் உங்கள் உடம்பை அல்லாஹ் காப்பானாக. உம்மாவுக்கு இருமல் குறைவு. மகள் ஷிஹாராவுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. ஒரு விஷயத்தை மூன்று வாரம் பிந்தி எழுதுகிறேன். போனில் பேசினால் உம்மா பக்கத்தில் வந்து நிற்கிறா, அதனால் இன்று அங்கே புறப்படும் முத்தலிபின் கையில் இதைத் தருகிறேன்.

தம்பி றிப்னாஸ் இப்போது எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. காரணம் உங்கள் மச்சான், அதாவது என் மாப்பிள்ளை, நம் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு முகாமையாளராக நின்ற அந்த இறுதிப்போட்டி. கொழும்புக் கழகம் ஒன்றுக்கு ஆள் எடுக்க ஒருவர் அன்று புத்தளம் மைதானத்துக்கு வந்திருந்தார். முழங்கால் சவ்வு கிழிந்து ஆறு மாதம் கட்டிலில் கிடந்து எழும்பிய தம்பியை இரண்டாம் பாதியில் இறக்குவதாக இவர் சொல்லியிருந்தார். நம் கழகத்திடம் இருப்பது பதினொரு ஜேர்சிதான், உள்ளே போகிறவன் வெளியே வருகிறவனுடையதைப் போட வேண்டும். இவர் உள்ளே ஆடிக்கொண்டிருந்த சுஹைரைக் கூப்பிட்டார், சுஹைர் கழற்றினான், தம்பி போட்டான், இவர் பெண்கள் நின்ற வேப்பமரப் பக்கம் ஒருதரம் பார்த்தார், "கொஞ்சம் பொறு" என்றார், தம்பி கழற்றினான், சுஹைர் போட்டான். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கூத்து. மூன்றாம் தடவை தம்பி, "மச்சான், நான் வெளையாட வந்தனா, இந்த ஜேர்சியக் காயப்போட வந்தனா?" என்று கேட்டான். நடுவர் ஓடி வந்து, "மெனேஜர், ஆள மாத்துங்க, இல்லாட்டி சட்டைய மாத்துறத நிப்பாட்டுங்க" என்றார். கல்வியியற் கல்லூரியில் படித்தவள் நான், ஒரே முடிவை ஒருவர் நாலு முறை எடுக்கலாம் என்று அங்கே யாரும் கற்பிக்கவில்லை. நாலாம் தடவை இருவரும் ஆளுக்கொரு கையை ஜேர்சிக்குள் விட்டுக்கொண்டு நிற்க, பத்துப் பேருக்கு எதிராகப் புத்தளத்துக்காரர் கோல் அடித்தார்கள். சுஹைர் வெறும் மேலோடு நின்று பார்த்தான். அந்த ஒரு கோலில் தோற்றோம். கொழும்புக்காரர் தம்பியின் பெயரைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்.

"ராத்தா, உங்கட மாப்புள முடிவெடுக்கத் தெரியாத மனிசன். அவரு இரிக்கிற வீட்டுல எனக்கு ஒரு வாய்த் தண்ணியும் வேணாம்," என்று சொல்லிவிட்டுத் தம்பி போனவன்தான். இவர் கடைக்குப் போனால், "சீனியா, பருப்பா? ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்க மெனேஜர்" என்கிறார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வருகிறார். நீங்கள் மூத்தவர், தம்பியைச் சமாதானப்படுத்துங்கள். மச்சானுக்கும் முடிவெடுப்பது பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் ஆயுளிலும் உழைப்பிலும் பரக்கத் உண்டாகட்டும்.

உங்கள் தங்கை,
பளீலா

பி.கு.: முத்தலிபு வாசலில் நிற்கிறார், கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை. அந்த வேப்பமரத்தடியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் நான்தான். என்னைக் கேட்காமல் தம்பியை இறக்கக் கூடாது என்று அன்று காலை இவரிடம் வாக்கு வாங்கியிருந்தேன். இவர் என் பக்கம் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு தடவையும் முதலில் ஓம் என்று தலையாட்டினேன். தம்பி ஜேர்சியைப் போட்டதும் அந்த முழங்காலைப் பார்த்து, வேண்டாம் என்று கை காட்டினேன். நாலு தடவையும் அப்படித்தான். ஊரே சிரிக்கிறது, இவர் இன்னும் ஒருவரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள் நானா. தம்பிக்குப் போன் எடுத்து இதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.