முப்பத்தாறு படம்

சாவதற்கு முன்னால் ஒரு நல்ல படம் எடுத்துவிடுவது என்று தனசேகரன் தீர்மானித்தார். முப்பது வருஷம் செஞ்சி பஸ்ஸில் ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்த கண்டக்டர். இப்போது டாக்டர் அவருக்கே ஒன்று கிழித்துவிட்டார். அடுத்த மாதம் புதுச்சேரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்.

சாவைவிட அவருக்கு ஆதார் படத்தின் மேல்தான் பயம். அதில் ஆடு திருடி அகப்பட்டவர் மாதிரி இருந்தார். அதையே பெரிதாக்கி மாலை போட்டுவிடுவார்களே.

அவலூர்பேட்டையில் ஸ்டுடியோவை மூடிவிட்ட பச்சமுத்துவிடம் இரண்டு பழைய கேமரா இருந்தது. ஒன்று கையடக்க டிஜிட்டல். இன்னொன்று ஃபிலிம் போடுகிற ரேஞ்ச்ஃபைண்டர். அதில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை தனி, படம் பிடிக்கிற லென்ஸ் தனி.

“டிஜிட்டலே வாங்குய்யா. புடிக்கலன்னா அழிச்சிடலாம்,” என்றாள் மனைவி அமிர்தவல்லி.

“அதான் வேணாங்கறேன். போன்ல எடுத்ததெல்லாம் அழிச்சது யாரு?”

“சாவுக்குன்னு மூஞ்சிய வெச்சிக்கினு எடுத்தா அழிக்காம இன்னா பண்றது?”

“ஃபிலிம்ல உன்னால அழிக்க முடியாது.”

“சும்மா ஃபிலிம் காட்டாத.”

உடனே ஃபிலிம் கேமராவையே வாங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை அவர் கேட்டதில்லை.

செஞ்சிக் கோட்டை இருக்கிற ராஜகிரி மலையின் அடிவாரத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றார்.

“கண்ணாடியக் கழட்டு. வெயில்ல கண்ணே தெரியல,” என்றாள்.

கழட்டினார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கோட்டையே தெரியாது. அவள் முப்பத்தாறு தடவை அமுக்கினாள். இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைத்து அவருக்கு அழுகை வந்தது.

ஃபிலிம் சென்னைக்குப் போய்க் கழுவி வந்தபோது மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு படமும் இல்லை.

“லென்ஸ் மூடியக் கழட்டாம எடுத்துக்கிறீங்கண்ணே,” என்றார் பச்சமுத்து போனில்.

“அமிர்தம், மூடி இருந்தது உனக்குத் தெரியலியா?”

“தெரியாம இன்னா? நான்தான் கழட்டல.”

“இன்னாது?”

“டிஜிட்டல்னா அங்கியே காட்டிக் குடுத்துடும். அதான் அத வாங்குன்னேன். நான் சொல்றத என்னிக்கு நீ வாங்கிக்கிற?”

திறந்த வாயைத் தனசேகரன் மூட மறந்தார்.

“அப்போ என் படம்?”

அமிர்தவல்லி அவர் வேட்டியை மடித்து ஆஸ்பத்திரிப் பையில் வைத்தாள். வைத்ததை எடுத்து மறுபடி மடித்தாள்.

“உசுரோட வா, மூடியக் கழட்டி எடுக்கறேன். வரலன்னா ஆதார் படந்தான்.”