ஜாடி சாரின் கடல்குதிரைகள்

உரக்கப் பேசவே கூச்சப்படும் என்னைக் கத்த வைத்த ஒரே மனிதர், விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த ஜாடி சார்தான். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தத்துக்கு முந்திய காலம். நான் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சார் தம் அறையில் பெரிய கண்ணாடி ஜாடியில் கடல்தண்ணீர் நிரப்பி, இரண்டு கடல்குதிரைகளை வளர்த்தார். விரல் நீளமே உள்ள அந்த ஜமீன்தார்கள் உயிருள்ள கூனி இறாலைத் தவிர எதையும் தொடமாட்டார்கள்.

“செத்ததைத் தின்ன அதுங்க இன்னா மனுஷங்களாடா?” என்பார் சார்.

வாரம் இரண்டு முறை நான் புதுச்சேரிக்கு ரயிலேறி, கரையோரத் தண்ணீரைத் துணியால் அரித்துக் கூனி பிடித்து, குடத்தில் கொண்டுவர வேண்டும். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மீன்காரப் பெண்கள் வேறு சும்மா விடமாட்டார்கள்.

“மீனைத் திங்கறவன பாத்திருக்கோம். மீனுக்குத் தீனி பொறுக்கறவன இப்பத்தான் பாக்கறோம். ஏய்யா, பொண்டாட்டிக்கு ஒருநாளாச்சும் இப்டி பொறுக்கிக்கினு போயிருக்கியா?”

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரனுடையது. திரும்பும்போது எல்லையில் சோதனை உண்டு. ஒருநாள் புதிதாக வந்திருந்த சேவகன் என் குடத்தில் விரலை விட்டு நக்கினான்.

“உப்புத் தண்ணி! உப்பு காய்ச்சவா எடுத்துக்கினு போற?”

வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டிருந்த காலம். நான் வாய் திறப்பதற்குள் அத்தனையையும் பிளாட்பாரத்தில் கவிழ்த்துவிட்டான்.

வெறும் குடத்தைப் பார்த்ததும் சார் எகிறினார். “வாயில இன்னாடா, கொழுக்கட்டையா? முந்தாநாளே தீனி தீந்துபோச்சு. நாளைக்குள்ள வரலேன்னா ரெண்டும் பூடும்!”

மறுநாள் திரும்பும்போதும் அதே சேவகன் குடத்தின் பக்கம் கையை நீட்டினான். எனக்குள் என்ன புகுந்ததோ!

“கைய எடுய்யா! உள்ள உசுரு இருக்குது, கண்ணு தெரியல? அங்க ரெண்டு ஜீவன் பட்டினியில சாவுது, நீ நக்கிப் பாத்துக்கினு நிக்கிற! வேணும்னா என்ன புடிச்சி உள்ள போடு, குடத்த ஜல்தியா அனுப்பு!”

ரயில்பெட்டியே திரும்பிப் பார்த்தது. சேவகன் குடத்துக்குள் குனிந்தான். ஒரு கூனி துள்ளி அவன் மூக்கில் பட்டது. “பேஜாரு புடிச்சவனே, போய்த் தொலை!” என்றான்.

குடத்தைச் சார் முன்னால் ணங்கென்று வைத்தேன். ஜாடிக்குள் விட்டதும், கடல்குதிரைகள் கூனிகளை ஒவ்வொன்றாக உறிஞ்சின.

“இனிமே நீங்களே போங்க சார்!” என்று கத்தினேன்.

சார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேட்டால், அதுகள் பட்டினி கிடந்த மூன்று நாளும் இவரும் சாப்பிடவில்லையாம்.

“அறிவிருக்குதா உங்களுக்கு?” என்று இரைந்துவிட்டு, ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன். அவர் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தேன்.