சோப்பண்ணன் மாட்டிய நாலு டயர்

டயரைத் திட்டியவர்கள் உலகத்தில் கோடிப் பேர் உண்டு. திட்டிவிட்டு அதே டயரிடம் மன்னிப்பும் கேட்ட ஒரே மனிதர் எங்கள் சோப்பண்ணன்தான். "சனியன் பிடிச்சதே, கழலுறியா இல்லையா?" என்று எட்டி உதைப்பார். அடுத்த நிமிடமே குனிந்து, "கோவிச்சுக்கிராதப்பா, அவசரத்துல பேசிட்டேன்" என்று தடவிக்கொடுப்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அப்போது போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். அண்ணன் முப்பது வருடம் தோட்டத்து ஆட்களை ஏற்றி ஜீப்பு ஓட்டி ஓய்ந்தவர். என் குவார்ட்டர்ஸுக்கு மேலே சரிவில் அவர் வீடு. ஜீப்பு ரோட்டிலிருந்து அங்கே ஒற்றையடிப் பாதைதான். அவர் மனைவி வீராயி மதினிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்களும் வியாழனும் போடிக்கு இறங்கி, ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு தடவை தவறினாலும் ஆபத்து. எலும்பும் தேய்ந்திருந்ததால் உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகவே அண்ணன் ஒரு வண்டி வாங்கினார். எங்கள் முதலாளி மகன் ஆசைக்கு வாங்கி, இரண்டே நாளில் கவிழ்த்துவிட்டு, இனி தொடமாட்டேன் என்று ஒதுக்கிய நாலு சக்கர பைக். குண்டு குண்டாக நாலு டயர். தவளை மாதிரி உட்கார்ந்திருக்கும். மழைக்காலம் தொடங்கும்போது நாலு டயரும் மொட்டையாகி, வண்டி சேற்றில் வழுக்க ஆரம்பித்தது. மதுரையிலிருந்து புது டயர் வரவழைத்தார். போடி பஞ்சர் கடைக்காரர் போனிலேயே கையை விரித்துவிட்டார்: "அண்ணே, இது நம்ம மிஷின்ல நிக்காது."

"அப்ப வீட்லயே மாத்திர வேண்டியதுதான்" என்றார் அண்ணன். அன்று புதன்கிழமை காலை. விடிந்தால் மதினி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

முதலில் செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் டயர் கழற்றும் வீடியோ பார்த்தோம். அவர் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இவன் கழட்டுனது டயரா தோசையா?" என்று அண்ணன் போனை அணைத்தார். எங்கள் டயரோ ரிம்மைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. மேலே பலகை போட்டு, காய் பறிக்க வந்த நாலு பெண்களை ஏறிக் குதிக்கச் சொன்னார். பலகை உடைந்தது. டயர் அப்படியே இருந்தது. துணி சோப்பைக் கரைத்து ஊற்றினார். பாத்திர சோப்பு, குளியல் சோப்பு, கடைசியில் ஷாம்பு பாக்கெட்டுகள் என்று வீட்டில் நுரைக்கிற எல்லாமே டயருக்குப் போயின. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் சோப்பண்ணன்.

உள்ளே கட்டிலிலிருந்து மதினியின் குரல் வந்தது: "இந்தாருங்க, என்னையக் குளுப்பாட்டவும் ஒரு துண்டு மிச்சம் வையிங்க!"

மத்தியானத்துக்குள் நாலும் மாறிவிட்டன. அங்கேதான் ஜீப்புக்காரப் புத்தி வேலையைக் காட்டியது. லோடு ஜீப்புக்கு அடிப்பது போல, குத்தினால் கை வலிக்கும் அளவுக்குக் காற்று அடித்தார். மிகக் குறைந்த காற்றே போதும் என்று டயரிலேயே போட்டிருந்ததை நான் படித்துக் காட்டினேன்.

"முப்பது வருசமா டயரு பாக்குறேன் தம்பி. எனக்கே பாடமா?"

ஆனாலும் மதினியை உடனே ஏற்றவில்லை. மதினியின் எடைக்குச் சரியாக ஒரு மூட்டையில் அரிசி கட்டி, அதற்கு மதினியின் பழைய சேலையைச் சுற்றி, பின்சீட்டில் உட்காரவைத்துக் கயிறு போட்டார். வண்டி ஒரு கல்லில் ஏறியதுதான் தாமதம், பந்து போலத் துள்ளியது. கயிறு அவிழ்ந்து, மூட்டை பறந்துபோய் ஏலச்செடிக்குள் விழுந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மதினி சத்தம் போட்டார்: "அய்யய்யோ, நான் விழுந்துட்டேன்! வெரசாப் போயித் தூக்குங்க!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. செடிக்குள் இறங்கி, மூட்டையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றார்.

அதன்பிறகு பொழுது சாயும்வரை என்னை ஓட்டச் சொல்லி, தானே பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னுங் கொஞ்சம் காத்த எறக்கு... முதுகுல அடிக்கிது... இன்னுங் கொஞ்சம்." கையில் பிடித்திருந்த டம்ளரில் பாலில்லாத கட்டன்சாயா தளும்பாமல் வீடு வந்து சேர்ந்தபோதுதான் இறங்கினார். மறுநாள் போய்வந்த மதினி, "வண்டியில கண்ணசந்துட்டேங்க" என்றார். அண்ணன் நாலு டயரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கும்பிட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதற்குமேல் மதினியின் உடம்புக்குத்தான் முடியவில்லை. தை பிறந்து சில நாளில் வீட்டிலேயே போய்விட்டார்.

பாடை கட்ட மூங்கில் கொண்டுவந்தோம். அண்ணன் தடுத்தார். "தூக்க வேணாம். வண்டியிலயே கொண்டு போறேன்."

"மாப்ளே, தோள்ல தூக்குறதுதான்யா மொற" என்றார் மதினியின் அண்ணன்.

"சறுக்குப் பாதய்யா. ஒருத்தன் காலு இடறுனாலும் குலுங்கிருவா. அவளுக்குத் தாங்காது" என்று சோப்பண்ணன் வாய்விட்டு அழுதார். இனிமேல் குலுங்கினால் என்ன என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. பின்சீட்டோடு சேர்த்து நீளப் பலகை கட்டி, மதினியைக் கிடத்தினோம்.

வண்டி ஊர்ந்தது. பின்னால் நடந்த நாங்கள் பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போனோம். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. சுடுகாட்டுக்கு வந்ததும் என்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குலுங்குச்சா தம்பி?"

"இல்லண்ணே. ஒரு எடத்துலகூட இல்ல."

தலையாட்டிவிட்டு வண்டி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் ஆகவேண்டியதைப் பார்க்கப் போனார்கள். எனக்கு அவரை விட்டு நகர மனம் இல்லை. நானும் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.