உள்ரூமுக்கு ஒரு லைன்

வாடகைக்குக் குடியிருப்பவர், வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல், சுவரிலோ தரையிலோ கட்டுமான மாற்றம் எதையும் செய்யக் கூடாது. சட்டத்தின் சாரம் இதுதான். எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இதையே இன்னும் கொஞ்சம் கடுமையான தமிழில் எழுதியிருந்தேன். ஒப்பந்தம் எழுதியவன் நான். உரிமையாளன் நான். குடியிருப்பதும் அதே வீட்டின் மாடியில்தான். ஆகவே விதி மீறப்பட வழியே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன், கீழ்ப்பகுதிக்கு ஜங்ஷன் குடிவரும் வரை.

ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், ரயில் தாமதத்துக்காகப் பொதுமக்களிடம் வருத்தம் தெரிவித்த ஒரே மனிதர் இந்தத் தேசத்திலேயே ஜங்ஷன்தான். தொழில், மிக்சி கிரைண்டர் ரிப்பேர். சின்ன காஞ்சிபுரத்தில் கடை. "மிக்சி ரெடியாப்பா?" என்று யாராவது கேட்டால், "அரை மணி லேட்டும்மா, வந்துக்கினு இருக்குது" என்பார். மிக்சி அவர் காலடியில்தான் கிடக்கும். அவருடைய அசல் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது.

வீடு பார்க்க வந்த அன்றைக்கு முறைப்படி கேட்டேன், "மொத்தம் எத்தனை பேர்?"

"நானு, வூட்டுக்காரம்மா. அப்புறம் ஒரு டிரெயினு."

"குழந்தை விளையாடுறதா?"

"குழந்தை இல்ல சார். நான்தான்."

ஒப்பந்தத்தில் ரயிலுக்குத் தடை எதுவும் இல்லை. ஆட்சேபிக்கச் சட்டத்தில் இடம் இல்லாத இடத்தில் நான் ஆட்சேபிப்பதில்லை.

ஹாலில் அவர் போட்டது சோபா அல்ல. ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, மேலே ப்ளைவுட் வைத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. பேஸ்போர்டு என்பார். தண்டவாளம் அதன்மேல்தான் படுக்குமாம். பலகை ஒரு நூல் சரிந்தாலும் வண்டி கவிழ்ந்துவிடுமாம். அந்த மேடை சுவர்களை ஒட்டி வளர்ந்து வளர்ந்து, வாசற்கதவையும் குறுக்கே கடந்தது. அங்கே கீல் வைத்துத் தூக்குகிற பலகை ஒன்று, அதற்கு முன்னால் ஒரு கேட். வண்டி வரும் சமயம் கேட் விழுந்துவிடும். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தோளில் சுமந்தபடி காத்து நின்ற காட்சியை நானே பார்த்தேன்.

"இன்னாபா, அதான் வண்டி பூட்ச்சே. தொறக்கிறது."

"கிராசிங்குபா. எதிர் வண்டி ஒண்ணு வர்ணும்."

"எதிர்ல ஒண்ணியும் காணோமே."

"அதான் லேட்டு."

எஞ்சினைத் திருப்புவதற்கு ஒரு சுழல் மேடை வேண்டியிருந்தது. பழைய கிரைண்டர் ஒன்றின் அடிப்பாகத்தைப் பொருத்தினார். மாவரைக்கப் பிறந்த மோட்டார் மாவரைக்கிற வேகத்தில்தானே சுற்றும்? எஞ்சின் ஹாலைப் பறந்து கடந்து, அவர் மனைவி பத்மாவின் தட்டில் சாம்பாருக்குள் இறங்கியது. மறு நிமிடம் மைக்கில் அறிவிப்பு வந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறாராம். அந்த மைக்கை எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவார்.

பத்மா அந்த ரயிலைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான் வைத்திருந்தார். அதைத் தினமும் சொல்வார். "கெளம்பின எடத்துக்கே சுத்திச் சுத்தி வர்றதுக்குப் பேரு ரயிலா? ஏதானா ஒரு ஊருக்குப் போவுதா பாரு. உங்கள மாரியேதான்." ஜங்ஷனிடம் எதற்கும் பதில் இருக்கும். இதைக் கேட்டால் மட்டும் திருப்புளியை எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் போய்விடுவார்.

போன வருஷம் மாசி மாதத்தில் பத்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, உள்ரூமில் கட்டில். அங்கிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஹால் வழியாகக் குளியலறைக்குப் போய்த் திரும்பலாம். வைகாசி கழிகிறவரை வாசல் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு எந்த மாதத்தைச் சொல்லியிருந்தாலும் பத்மா பொறுத்துக்கொண்டிருப்பார்.

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். வைகாசியில் எங்கள் வரதராஜப் பெருமாள் கருடன்மேல் ஏறி விடியலில் புறப்படுவார். கோபுர வாசலுக்கு வந்ததும் குடைகளைச் சாய்த்து அவரை ஒரு நொடி மறைப்பார்கள். முன்னொரு காலத்தில் வருஷம் தவறாமல் வந்துகொண்டிருந்த சோளிங்கர் பக்தர் ஒருவர், ஒரு வருஷம் உடம்புக்கு முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்டாராம். பெருமாள் அங்கேயே போய்க் காட்சி தந்து அவருக்குச் சேவை சாதித்தார் என்பது ஐதீகம். இன்றைக்கும் அந்தக் குடை மறைவில் அவர் சோளிங்கர் போய்வருவதாகத்தான் ஊரில் சொல்வார்கள். பத்மா பிறந்ததிலிருந்து இந்தக் கருட சேவையைத் தவறவிட்டதில்லை.

கட்டிலில் படுத்தபடி அவர் சுவரைப் பார்த்துச் சொன்னது மாடிவரை கேட்டது. "சோளிங்கர் வரிக்கும் போறாரு. எம்மாந் தூரம். நானு நாலு தெரு தள்ளிப் படுத்துக்கினு கீறேன். எனக்கு மட்டும் வழி தெரியாதா அவருக்கு?"

கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், அன்று மத்தியானமே மாடியேறி வந்தார்.

"சார், உள்ரூமுக்கு லைன் போடணும்."

"ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல கதவு இருக்கே. அது வழியா போடுங்க."

"வாக்கர் போவணும் சார். கதவாண்ட பலகை வெச்சா, அது பாத்ரூமுக்குப் போறதுக்குக் கேட்ல நிக்கணும். வாணாம் சார், பாவம்."

"அப்ப?"

"சுவத்துல சின்னதா ஒரு டனல்."

எழுத்துமூலம் விண்ணப்பிக்கச் சொன்னேன். விண்ணப்பித்தார். வரைபடம் இணைக்கப்படவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பினேன். வரைபடம் வந்தது. அதில் என் மாடிப்படி இருக்கும் இடத்தில், 'ஓனர். விசில் அடிக்கவும்' என்று எழுதியிருந்தது. அளவுகள் இல்லை என்று அதையும் திருப்பினேன். அளவுகளுடன் வந்தபோது, அது பாரம் தாங்கும் சுவரா என்று ஒரு பொறியாளர் சொல்ல வேண்டும் என்றேன். அந்தச் சுவரின் மேல்தான் என் கட்டில் இருக்கிறது.

"பொறியாளர் சொல்ற வரைக்கும் விண்ணப்பம் பரிசீலனையில இருக்கும்."

"எந்த பிளாட்பாரத்துல சார்?"

விண்ணப்பத்தை மேசைமேல் வைத்து, பேப்பர் வெயிட்டை அதன்மேல் ஏற்றினேன். அரசு ஊழியத்தில் நான் கற்ற முக்கியமான பாடம் அது.

பதில் வரும்வரை பலகை வேலையையாவது முடித்துவிடலாம் என்று ஜங்ஷன் ஆள் தேடினார். முகூர்த்த மாதம். ஊரில் இருந்த தச்சர்கள் எல்லாரும் கட்டிலும் பீரோவுமாக இருந்தார்கள். கடைசியில் கிடைத்தவர் ஒரு தறி ஆசாரி. நெசவுத் தறிக்குச் சட்டம் போடுவதைத் தவிர அவர் வேறெதுவும் செய்ததில்லை. 'நீளமா, சமமா, ஆடாம இருக்கணும்' என்று சொல்லிவிட்டு ஜங்ஷன் கடைக்குப் போய்விட்டார். காஞ்சிபுரத்தில் ஒரு தறி ஆசாரியிடம் இந்த மூன்று சொற்களைச் சொன்னால் என்ன வரும் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால், ஒரு திருகாணிகூட இல்லாமல், எல்லாம் ஆப்பு அடித்து இறுக்கிய பலகைகள். முழங்காலுக்கும் கீழே நின்றன. பக்கத்தில் ஹால் தரையில் ஒரு குழி.

என் வீட்டில் முன்பு தறி ஓடியது. நெசவாளி தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டுத்தான் மிதிப்பார். நான் வாங்கியபோது குழியை மூடிவிட்டேன். ஆசாரி தரையைத் தட்டிப் பார்த்திருக்கிறார். சத்தம் வித்தியாசமாக இருந்திருக்கிறது. தோண்டிவிட்டார்.

"எவனோ ஒரு புண்ணியவான் நல்ல குழிய சிமிட்டி போட்டு மூடி வெச்சுக்கிறான் சார்" என்று, இறங்கிப்போய்ப் பார்த்த அந்தப் புண்ணியவானிடமே சொன்னார் ஆசாரி.

"யாரைக் கேட்டுத் தோண்டினீங்க?"

"குழி இல்லாம எப்பிடி சார் குந்துவாரு?"

"இது தறி இல்லய்யா. ரயில்."

"ஓட்றது மனுசன்தான?"



ஜங்ஷன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழிக்குள் காலை விட்டுத்தான் உட்கார்ந்தார், வேறு இடம் இல்லை. ஹால் ரயில் இடுப்பு உயரத்தில் ஓடுகிறது. புதுப் பலகை தறி உயரத்தில் கிடக்கிறது. மறுபடி செய்யலாம் என்றால் வைகாசி பிறந்துவிட்டது. திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு தவழ்ந்துபோய் இரண்டையும் அளந்தார். கட்டிலும் பலகையும் ஒரே உயரம். இடுப்பு உயரத்தில் போட்டிருந்தால், படுத்திருப்பவருக்குப் பலகையின் அடிவயிறுதான் தெரிந்திருக்கும்.

"ஆசாரி, தெரிஞ்சா செஞ்ச?"

"தறிக்கு இதாம்பா ஒசரம்."

இப்போது ஹால் மேடையிலிருந்து கீழே இறங்க ஒரு சரிவு தேவைப்பட்டது. மலைப்பாதை என்று பெயரும் வைத்தாயிற்று. முதல் வெள்ளோட்டத்தில் வண்டி மேலிருந்து வந்த வேகத்தில் வளைவை மதிக்காமல் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. இரண்டாவது ஓட்டத்திலும் அதே குழி. உள்ரூமிலிருந்து குரல் வந்தது. "எத்தினி பேரு காலி?"

ஆசாரிதான் வழி சொன்னார். கடைசிப் பெட்டியில் முறுக்கின பட்டு நூல் ஒன்றைக் கட்டி, குழியில் உட்கார்ந்து கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். வண்டி குழந்தைபோல் அடிமேல் அடி வைத்து இறங்கியது. இறங்கி வந்து சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை. அந்தப் பக்கம், கட்டிலை ஒட்டி ஒரு பலகை. நடுவில் என் சுவர். மாடியில் என் மேசைமேல் விண்ணப்பம்.

கருட சேவைக்கு முந்தின நாள் மத்தியானம் தூக்கத்தில் என் கட்டில் அதிர்ந்தது. இறங்கிப் போனேன். சுவரில் ஒரு தேங்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகப் பத்மா என்னைப் பார்த்தார். ஜங்ஷன் குழிக்குள் உட்கார்ந்து சிக்னல் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆசாரி உத்தரத்தின் மரம் என்ன மரம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மூவர் தலையிலும் சுண்ணாம்பு.

"யார் இடிச்சது?"

"நான்தான்" என்றார் பத்மா. கட்டிலில் அவர் பக்கத்தில் ஆசாரியின் சுத்தியல் இருந்தது.

"ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

"தெரியும் சார், படிச்சேன். படுத்துக்கினு வேற இன்னா வேலை? வாடகைதாரர் இடிக்கக் கூடாதுன்னு போட்டுக்கிறீங்க. வாடகைதாரர்னு அவரு பேருதான் இருக்குது. அவரு இடிக்கல. எம் பேரு எங்கனா இருந்தா காட்டுங்க, நான் பூசிக் குடுத்துடறேன்."

அந்த வாதம் நிற்காது. குடும்பத்தினரின் செயலுக்கும் வாடகைதாரரே பொறுப்பு. அதற்கான வாசகமும் எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சுண்ணாம்பும் வியர்வையுமாக, மாசிக்குப் பிறகு முதல் தடவையாக, சண்டைக்குத் தயாராக இருந்தது.

"ஒப்பந்தத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மாடியேறிவிட்டேன்.

வருஷா வருஷம் கருட சேவைக்கு நானும் கோபுர வாசலுக்குப் போகிறவன். மறுநாள் விடியலில் கீழ்ப்பகுதிக்குப் போனேன். சேதத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. பத்மா தலைவாரிப் பூ வைத்து, தலையணைகளில் சாய்ந்திருந்தார். தூரத்தில் நாகஸ்வரம் கேட்டது. ஜங்ஷன் குழியில் இறங்கி உட்கார்ந்தார். கூட்ஸ் பெட்டி ஒன்றில், துளசி சுற்றி, கருடன்மேல் பெருமாள் இருக்கும் சின்னப் படம். நூலை விட்டுக்கொடுக்க, வண்டி சரிவில் மெல்ல இறங்கியது. ஓட்டையின் வாயில் வந்ததும் நூலை இழுத்து நிறுத்தினார். கேக்கில் குத்துகிற காகிதக் குடை ஒன்றை எடுத்துப் படத்தின் முன்னால் சாய்த்தார். ஒரு நொடி. பிறகு குடையை எடுத்தார். வண்டி சுவருக்குள் போய்விட்டது.

 ஜங்ஷன் நூலை விரலில் சுற்றிக்கொண்டார். எந்த அறிவிப்பும் செய்யவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

உள்ளேயிருந்து பத்மாவின் குரல் வந்தது. "தெருவுல அவரு ஒரு தபாதான் வருவாரு. உங்க ரயிலு சும்மாத்தான இருக்குது? இன்னொரு தபா விடுங்க."

ஜங்ஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வண்டியை மேலே இழுத்தார்.

இரண்டாம் சேவை முடிந்ததும், சட்டைப் பையிலிருந்த காகிதத்தைக் குழியை நோக்கி நீட்டினேன். அவர் அதைப் படிக்காமலே காலிப் பெட்டி ஒன்றில் வைத்து உள்ளே அனுப்பிவிட்டார். பத்மா உரக்கப் படித்தார். சுவரில் துளையிட அனுமதி வழங்கப்படுகிறது. குழியைத் தற்போதைய நிலையிலேயே வைத்துக்கொள்ளலாம். மேலும், விண்ணப்பத்தில் கோரப்படவில்லை என்றாலும், லைனை மாடிவரை நீட்டிப்பதில் உரிமையாளருக்கு ஆட்சேபம் இல்லை.

பதில் கிடைத்த நாள்: வைகாசி கருட சேவை.