திரையில் அழகு, கடிகாரத்தில் கேவலம்

“கடிகாரம் பொய் சொல்லுதா, இல்ல நீ ஏமாத்துறியா?”

பாய்லர் மாஸ்டர் போட்ட சத்தத்தில், கடைசி லேனில் புதிதாக நீச்சல் பழகிக்கொண்டிருந்த பல் டாக்டர் அரண்டுபோய் லேன் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நாலாவது லேனில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவருடைய அக்கா மகள், நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“தண்ணிக்குள்ள கிடக்கிறவ என்னத்த மாமா ஏமாத்துறது?”

“போன வாரத்தைவிட லேட்டுடி! முழங்கையைச் சரி பண்ணியாச்சு. அப்புறம் எப்படி லேட்டாகும்? அறிவியல் பொய்யா?”

“அப்ப அந்த அறிவியலையே நீந்தச் சொல்லுங்க.”

பாய்லர் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. நீச்சல் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் வைத்தது. காலையில் அவர் வாயைத் திறந்தால் குளத்துத் தண்ணீரே கொஞ்சம் சூடாகும் என்று பேச்சு. தங்கமான மனிதர்தான். ஆனால் அந்தத் தங்கத்தைக் கிட்டே போய் உரசிப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

அந்தக் குளத்துக்கு இரண்டு பயிற்சியாளர்கள். ஒருவர் போதும் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். யாரை அனுப்புவது என்பதை முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை. பொறுப்பை ஒரு பந்தயத்தின் தலையில் கட்டினார். தேசியப் போட்டியின் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு இந்தக் குளத்திலிருந்து ஒரு பெண்தான் போகலாம். தேர்வுப் பந்தயத்தில் யாருடைய மாணவி ஜெயிக்கிறாளோ, அந்தப் பயிற்சியாளர் இருக்கலாம். மற்றவர் துண்டை மடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பாய்லர் ஒருவர், இன்னொரு பயிற்சியாளர் ஃபிளாஸ்க் மேடம். கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலடியில் ஃபிளாஸ்க், மடியில் இரண்டு கைகள். அவர் வாயைத் திறந்து பாடம் சொல்லி யாரும் பார்த்ததில்லை. வாய் திறப்பது டீ குடிக்க மட்டுமே. அஞ்சாவது லேனில் நீந்தும் அவருடைய மாணவி, அக்கா மகளுக்கு எப்போதும் ஓர் ஆள் நீளம் பின்னால்தான் வருவாள். ஆக, பாய்லர் சும்மா இருந்திருந்தாலே ஜெயம் அவருக்குத்தான்.

ஆனால் சும்மா இருப்பது மட்டும் அவருக்கு வராது.

“ஜெயிச்சா மட்டும் போதாது, எதனால ஜெயிச்சோம்னு தெரியணும்” என்று சொல்லி, தண்ணீருக்கடியில் படமெடுக்கும் கேமரா ஒன்றை வாங்கிவந்து, குதிக்கும் மேடைகளுக்கு நேர் எதிர்ச்சுவரில் பொருத்தினார். எட்டு லேனும் அதில் விழும். படம் அவர் கையிலிருக்கும் டேப்லெட்டுக்கு வரும். எந்த லேனை ஆராய வேண்டும் என்று அது கேட்டதும், இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி நாலாவதில் விரலை வைத்தார். அன்றிலிருந்து அந்த லேனில் வரும் உடம்பின் மேல் அது கோடு கோடாக வரைந்து தள்ளியது. தப்பு இருந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை.

“நல்லாப் பாருடி தவளை!” டேப்லெட்டை அவள் மூக்கருகே நீட்டினார். அவள் தவழும் காலத்திலிருந்தே அவருக்கு அவள் தவளைதான். “போன வாரம் கையை இழுக்கும்போது முழங்கை தொங்குச்சு. முழங்கை தொங்கினா உள்ளங்கை தண்ணியைப் பின்னால தள்ளாது, கீழதான் அமுக்கும். இன்னிக்குப் பாரு, பச்சை! பாடப் புத்தகத்துல அச்சடிக்கலாம்!”

“எனக்குத் தோள் கழண்டுடும் போல இருக்கு மாமா. முழங்கை ஏற்கெனவே மேலதான் இருந்துச்சு. இதுக்கு மேல தூக்குன்னா எங்க தூக்குறது?”

“எதிர்த்துப் பேசுற நேரத்துல தூக்கியிருக்கலாம்.”

மறுநாள் திரை தலையைச் சிவப்பாக்கியது.

“தலையை நிமித்துற! தலை மேல போனா இடுப்பு கீழ போகும். இடுப்பு கீழ போனா தண்ணி உன்னைப் பிடிச்சுப் பின்னால இழுக்கும். தலையைத் தாழ்த்து!” என்று கரையோடு ஓடிக்கொண்டே கத்தினார்.

சரியாக இருந்த தலையை அவள் இன்னும் தாழ்த்தினாள். முதல் சுற்றில் இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது சுற்றில் வழி தெரியாமல் கயிற்றில் போய் மோதினாள். கடிகாரம் இன்னும் மோசமாகச் சொன்னது. ஆனால் இரண்டே நாளில் திரையில் தலை பச்சையாகிவிட்டது!

பாய்லருக்கு மண்டை காய்ந்தது. “திரையில அழகா இருக்கு, கடிகாரத்துல கேவலமா இருக்கு. இது எப்படி?”

அவருக்குத் தெரிந்த ஒரே பதில் கடிகாரம் கெட்டுவிட்டது என்பதுதான். அதைத் தூக்கிக் குளத்தில் எறிந்தார். புதுக் கடிகாரம் வந்தது. அது பழையதைவிட ஈவிரக்கமில்லாமல் இருந்தது.

அடுத்த கோளாறு கால். “கத்திரிக்கோல் மாதிரி ஏன் விரிக்கிற? சின்னதா உதை, சேர்த்து உதை!” என்று அவள் கணுக்கால் இரண்டையும் ரப்பர் பட்டையால் கட்டிவிட்டு நீந்தச் சொன்னார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கால்கள் இரண்டும், அதற்கப்புறம் பட்டையைக் கழற்றினாலும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டே உதைத்தன. திரை மட்டும் வழக்கம்போலப் பச்சையாகச் சிரித்தது.

வீட்டில் அக்கா சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைக்கவில்லை, போட்டாள்.

“ஏன்டா, நல்லா நீந்திட்டிருந்த புள்ளை. கையைத் தூக்கித் தலை சீவ முடியலங்குறா. உன் வேலையைக் காப்பாத்திக்க என் பொண்ணை ஒடிச்சுப் போடுவியா?”

“அவளுக்கும் சேர்த்துத்தான்க்கா! தேசியப் போட்டிக்குப் போகப்போறது நானா, அவளா? நீயே பாரு, எவ்வளவு தேறியிருக்கா!” டேப்லெட்டை நீட்டினார்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இவ காலு இவ்வளவு நீளமா?”

“தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத்தான் தெரியும். அதுக்குப் பேரு ஒளிவிலகல். பள்ளிக்கூடத்துல தூங்கினா இப்படித்தான்.”

அக்கா அவருக்கு ஊற்றவிருந்த குழம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உடம்பில் தப்பில்லை என்று திரையே சொல்லிவிட்டதால், இனிக் கோளாறு மனசில்தான் என்று பாய்லர் தீர்ப்பு எழுதினார். மனசு தளர்ந்தவர்களுக்கு என்ன வேண்டும்? உற்சாகம். பாய்லருக்குத் தெரிந்த உற்சாகம் ஒன்றே ஒன்றுதான், அது கத்துவது. தண்ணீருக்குள் காது கேட்காது என்பதால் மேனேஜர் அறையிலிருந்த கை மைக்கைப் பிடுங்கிவந்தார்.

“இடது கை உள்ள நுழையும்போது உடம்பு நடுக்கோட்டைத் தாண்டுது! வெளிய வை! ஒவ்வொரு இழுப்பையும் முடி! பாதியில விடாதே! தொடையைத் தொட்டுட்டு வெளிய எடு!”

குளம் முழுக்க எதிரொலித்தது. பல் டாக்டர் நீச்சலையே விட்டுவிட்டார். ஃபிளாஸ்க் மேடம் மட்டும் அசையாமல் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவி ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மரியாதை தெரிந்த பெண் என்று பாய்லரே ஒருநாள் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

அக்கா மகள் கரையேறினாள். தொப்பியைக் கழற்றி அவர் காலடியில் வீசினாள்.

“போதும் மாமா! நடுக்கோட்டை நான் தாண்டினதே இல்ல. கால் விரிஞ்சதும் இல்ல. தலை தூக்கினதும் இல்ல. நீங்க சொல்ற தப்பெல்லாம் பண்ணி எனக்குப் பழக்கமே கிடையாது!”

“அப்ப கேமரா பொய் சொல்லுதா?”

“உங்களுக்கு என்னைவிட அந்த டப்பாதான் பெருசு!”

அவள் அழுதுவிட்டாள். அவளுக்கு முதன்முதலில் மிதக்கக் கற்றுக்கொடுத்தவர் பாய்லர்தான். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கோபக்காரர்களுக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்து, அங்கேயே இன்னொரு அதட்டலாகிவிடும்.

“தொப்பியை எடு. பந்தயத்துல பாத்துக்கலாம்.”

பந்தயத்தன்று மேனேஜர் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். விசில் ஊதியதும் எல்லாரும் குதித்தார்கள். முதல் பாதியில் அக்கா மகள் முன்னால் இருந்தாள். பிறகு அவளுக்கு முழங்கை நினைவுக்கு வந்தது. அதைத் தூக்கினாள். தலை நினைவுக்கு வந்தது, தாழ்த்தினாள். காலை ஒடுக்கினாள், கையை விலக்கி வைத்தாள். இத்தனையையும் யோசித்து முடிப்பதற்குள் அஞ்சாவது லேன்காரி அவளைத் தாண்டிப் போய்விட்டாள். அதுவும் எப்படி! உயர்ந்த முழங்கை, அசையாத தலை, தொடைவரை முடிகிற இழுப்பு. ஜெயித்தவள் சுவரைத் தொட்டு நின்றபோது அக்கா மகளுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம்.

மேனேஜர் பாய்லரின் கையைப் பிடித்து, “வருத்தப்படாதீங்க, சனிக்கிழமைக்குள்ள அலமாரியைக் காலி பண்ணாப் போதும்” என்று ஆறுதல் சொன்னார். அக்கா மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு, அவர் இருந்த பக்கமே திரும்பாமல் உடை மாற்றும் அறைக்குப் போனாள். வேலை போனதைவிட அதுதான் அவருக்குச் சுட்டது.

யார் மீதாவது பாய வேண்டும் போலிருந்தது. நேராக பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனார்.

“மேடம், நியாயமாச் சொல்லுங்க. உங்க பொண்ணு கை தொங்கி, தலை தூக்கி நீந்தினவ. நான் ராத்திரி பகலா அறிவியல் படிச்சு, தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க இந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சதுகூட இல்ல. ஒரு வார்த்தை பேசாம அவளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்குடுத்தீங்க?”

ஃபிளாஸ்க் மேடம் மூடியைத் திருகித் திறந்து, இன்னொரு கோப்பையில் டீ ஊற்றி அவரிடம் நீட்டினார்.

“நான் எங்க சார் சொல்லிக்குடுத்தேன்? எதிர்ச்சுவர்லேர்ந்து பார்த்தா இடம் வலம் மாறிடும், நீங்க நாலுன்னு எண்ணினது எங்க அஞ்சாவது லேன் பொண்ணை. அவ தப்பையெல்லாம் நீங்கதான் மைக் போட்டுச் சொல்லித் திருத்திட்டீங்களே!”