'விடு' என்னும் வினை

பெருமதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. அறுவைச் சிகிச்சை செய்த முட்டியும், செய்யாத முட்டியும், இரண்டையும் வைத்துக்கொண்டு நீங்கள் மாடிப்படி ஏறிவிடாமல் காவல் காக்கும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், மைதானத்துப் புல் எல்லோரும் சௌக்கியம். அத்தையைப் பற்றித்தான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

கல்லூரிக் கால்பந்து அணிக்கு அத்தையே தலைமைப் பயிற்சியாளராகத் தொடரலாமா என்று முதல்வர் உங்களிடம் கருத்துக் கேட்டிருப்பதாக அப்பா சொன்னார். இருபத்திரண்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தவர் நீங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் அத்தைக்கு வேலை போய்விடும். "எட்டு ஆட்டத்துல அஞ்சு தோல்வி. நான் கிளம்பினதும் பசங்க மறந்துட்டானுங்களா, இல்ல என் தங்கச்சி மறக்கடிச்சுட்டாளா? நீதான் தினமும் மைதானத்து ஓரத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறியே, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதன்படி எழுதுகிறேன். தோல்விக்குக் காரணம் அத்தை அல்ல, பையன்களும் அல்ல. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஓரளவு நீங்கள்.

முதல் ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடத்தில் பந்து நம் கோல் வாசலுக்கு உருண்டு வந்தது, பக்கத்தில் அணித்தலைவர் நெட்டை அண்ணன் நின்றிருந்தார், அத்தை எழுந்து "விடு, விடு" என்று கத்தினார், நெட்டை அண்ணன் உடனே ஒதுங்கி நின்றார், அவருக்குப் பின்னால் இருந்த இருவரும் ஒதுங்கினார்கள், கோல்கீப்பர் (அவரைக் கதவு என்று கூப்பிடுவது ஏன் என்று உங்களுக்கே தெரியும்) கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எதிரணிக்காரர் இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்கவில்லை. நம்மவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே பந்தை உள்ளே தட்டிவிட்டுப் போனார். இதுபோல் மூன்று முறை நடந்தது. பாதி நேரத்தில் அத்தை எல்லோரையும் உட்காரவைத்தார்.

"ஏன்டா, விடுன்னு தொண்டை கிழியக் கத்தறேன். ஏன்டா விடல?"

"விட்டோமே மேடம்" என்றார் நெட்டை அண்ணன்.

"எங்கடா விட்டீங்க?"

"அங்கேயேதான் விட்டோம்."



சத்தம் போதவில்லையோ என்று அத்தை இரண்டாவது ஆட்டத்தில் இன்னும் உரக்கக் கத்தினார். பையன்கள் இன்னும் வேகமாக ஒதுங்கினார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு ஒரு ஒலிபெருக்கி கொண்டுவந்தார், அது போட்ட சத்தத்தில் எதிரணிக்காரர்களும் சேர்ந்து ஒதுங்கிவிட்டார்கள், பந்து தனியாக வெளியே உருண்டு போயிற்று, அந்த ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது அதனால்தான். நான்காவது ஆட்டத்துக்கு முந்தைய நாள் எல்லோரையும் காது டாக்டரிடம் காட்டினார், அப்படியும் தோற்றார்கள். பதினொரு பேருக்கும் இருபத்திரண்டு காதும் பழுதில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அத்தைக்கு அதுதான் தாங்கவில்லை. "காது கேட்டுட்டே இப்படிப் பண்றானுங்களேடி" என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் புலம்பினார். ஐந்தையும் ஆறையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏழாவது ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் தமிழ் ஆசிரியை ஒரே வினை பல பொருளில் வருவதற்கு எடுத்துக்காட்டு எழுதிவரச் சொன்னார். மைதானத்து ஓரத்தில் அகராதியைப் புரட்டினேன். விடு: கைவிடு, நீங்கு, அனுப்பு, எறி, செலுத்து. அப்போதுதான் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன். பெரியப்பா, உங்கள் இருபத்திரண்டு வருடத்திலும் 'விடு' என்றால் தொடாதே, வெளியே போகட்டும் என்று பொருள். அத்தை பெண்கள் பள்ளியில் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்தது 'ஒண்ணு விடு', அதாவது ஓங்கி உதை. நீங்கள் விடச் சொன்னதை இவர்கள் விடாமல் பின்பற்றியிருக்கிறார்கள்.

அகராதியைக் காட்டினேன். அத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை முதல் மேட்ச்லயே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"அப்ப எங்களுக்குப் பெயர்ச்சொல்தான் நடந்துட்டிருந்தது அத்தை."

அன்று மாலையே எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார். "இனிமே உதைன்னா உதை. தொடாதேன்னா தொடாதே. விடுங்கற வார்த்தையே இந்த மைதானத்துல கிடையாது."

"அப்ப லீவு விட மாட்டீங்களா மேடம்?" என்று கதவு கேட்டார்.

"அதுவும் கிடையாது."

ஏழாவது ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். இப்போது பையன்கள் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுகிறார்கள், அத்தை அவர்களைத் திட்டுவதும் அவர்கள் அத்தையைப் போலப் பேசிக்காட்டுவதும் அத்தை அதைப் பார்க்காததுபோல் சிரிப்பதுமாக மைதானமே ஒரு வீடு மாதிரி இருக்கிறது. எனக்கு வீட்டுப்பாடம் முடிந்த பிறகும் எழுந்துபோக மனம் வருவதில்லை.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் பிரிவில் இருப்போம், இல்லையென்றால் கீழே இறங்குவோம் என்ற நிலைமை. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது, ஒரு நிமிடம்தான் மிச்சம், நான் பயத்தில் அத்தையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், பந்து எதிரணிக் கோலுக்கு முன்னால் நெட்டை அண்ணன் காலுக்கு வந்தது, அவர் உதைப்பதா வேண்டாமா என்று திகைத்து நின்றார், அத்தை தன் சட்டத்தையே மறந்து "விடு" என்று கத்தினார். நெட்டை அண்ணன் ஒரு நொடி அத்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விட்டார், அத்தையின் பொருளில். கோல்.

"மேடம், இந்தத் தடவை சரியா விட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். அத்தை கையைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

பெரியப்பா, ஒரு பயிற்சியாளர் சொன்னதை அவர் மனத்தில் நினைத்தபடியே ஓர் அணி புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகியிருக்கிறது. இப்போது போய் அவரை மாற்றினால் புதியவர் வேறு ஏதாவது வினைச்சொல்லைக் கொண்டுவருவார். ஆகவே அத்தையே தொடரலாம் என்று முதல்வருக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கமும், இரண்டு முட்டிகளுக்கும் தனித்தனியே என் அன்பும்.

தங்கள் கீழ்ப்படிந்த,
தம்பி மகள்

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்க இதை அத்தையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். அந்தக் கடைசி நிமிடத்தில் அவர் நெட்டை அண்ணனைக் கூப்பிடவே இல்லையாம். "நகம் பதியற மாதிரி பிடிச்சிருந்தே. விடுடின்னு உன்னைத்தான் கத்தினேன். அந்த 'டி' அவன் காதுல விழல போலிருக்கு" என்கிறார். அவனுக்குச் சொல்ல நினைத்தது 'தொடாதே' என்பதாம், பின்னால் வந்த நம் ஆள் இன்னும் வசதியான இடத்தில் இருந்தாராம். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னதால் இதையும் எழுதினேன். முதல்வருக்கு எழுதும்போது இந்தப் பின்குறிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் பொருளில்.